ரஸ்கோல்நிகோவோட கையைப் பாருங்க: பெரிய நாவல்ல குற்றவுணர்ச்சியையும் தாக்குப்பிடிக்கற சக்தியையும் தேடிப் படிக்கறது எப்படி

போன மாசம் எங்க அக்கா மக போன் பண்ணுச்சு, இங்க மதுரைலதான் பி.ஏ. ரெண்டாவது வருசம் படிக்குது, "மாமா, ஒரு அசைன்மென்ட் குடுத்திருக்காங்க, ஏதாவது ஒரு கிளாசிக் நாவல் எடுத்து அதுல குற்றவுணர்ச்சியும் அதுல இருந்து மீண்டு வர்றதும் கேரக்டர்களை எப்படி மாத்துதுன்னு எழுதணுமாம், நீங்கதான் எப்பப் பாத்தாலும் அந்த ரஷ்யாக்காரர் புக்கையே கட்டிக்கிட்டு அழுவீங்களே, எப்படி எழுதறதுன்னு சொல்லுங்க"ன்னு. ஒரு ஞாயித்துக்கிழமை வண்டியூர் தெப்பக்குளத்துப் படில உக்காந்து சாயங்காலம் பூரா சொன்னேன், பாதி அதுக்குப் புரிஞ்சுச்சு, பாதி எனக்கே அப்பதான் புரிஞ்சுச்சு. அதத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்க எழுதறேன், இதே மாதிரி மாட்டிக்கிட்டவங்க யாருக்காவது ஒதவும்.

நாவல் தஸ்தயேவ்ஸ்கியோட குற்றமும் தண்டனையும். 1866ல ஒரு ரஷ்யப் பத்திரிகைல வருசம் முழுக்கத் தொடரா வந்தது. ஆறு பாகம், கடைசில ஒரு பின்னுரை. தமிழ்ல நம்ம பாத்திமா காலேஜ்ல தமிழ்ப் பேராசிரியையா இருந்த எம்.ஏ. சுசீலா அம்மா மொழிபெயர்த்திருக்காங்க, அதனால மதுரைக்காரங்களுக்கு இந்த புக் மேல கொஞ்சம் சொந்தம் உண்டுன்னு வச்சுக்கங்க. காசு குடுத்து வாங்க முடியாதவங்க நத்தம் ரோட்டுல 2023ல திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துல போயி கேட்டுப் பாருங்க, ஏசி ஓடும், வெயிலுக்கும் ஆச்சு. வாரத்துக்கு ஒரு பாகம்னு வச்சா ஏழு வாரம். ஒரே ராத்திரில முடிக்கணும்னு உக்காந்தீங்கன்னா பேரெல்லாம் கொழம்பிப் போயி மூடி வச்சுருவீங்க, அது அம்புட்டும் நீளமான பேரு, ஒரே ஆளுக்கே மூணு பேரு வேற, மொதப் பக்கத்துல ஒரு பேப்பர் சொருகி யாரு யாருக்கு என்ன ஒறவுன்னு எழுதி வச்சுக்கங்க.

கதை தெரியாதவங்களுக்கு: ரஸ்கோல்நிகோவ்னு ஒரு பையன், காலேஜ் படிப்ப பணமில்லாம பாதில விட்டவன், பீட்டர்ஸ்பர்க்ல ஒரு பொந்து மாதிரி ரூம்ல கெடக்குறான். அடகுக்கடை வச்சிருக்க ஒரு கிழவியக் கோடாலியால கொல்றான், அந்த நேரம் பாத்து உள்ள வந்துட்ட கிழவியோட தங்கச்சி லிசாவெதாவையும் கொன்னுடறான். இது நடக்கறது மொதப் பாகத்துக் கடைசிலயே. இதத்தான் மொதல்ல கவனிக்கணும், ஆறு பாகத்துல குற்றம் ஒரே பாகம், மிச்சம் அஞ்சு பாகமும் தண்டனை, அதுலயும் கோர்ட்டு ஜெயில் எல்லாம் பின்னுரைலதான் வருது. அப்ப அந்த அஞ்சு பாகம் யாரு தண்டிக்கிறா?

சரி, இப்ப வேலைக்கு வருவோம்.

எல்லாரும் பண்ற தப்பு என்னன்னா பென்சில கையில வச்சுக்கிட்டு "மனசாட்சி", "பாவம்", "வருத்தம்"னு வார்த்தை வர்ற எடத்துல எல்லாம் கோடு போடறது. போடாதீங்க. இந்த ஆளு வாயால ஒரு தடவ கூட ஒழுங்கா வருத்தப்பட மாட்டான், வாயத் தொறந்தா நெப்போலியன் மாதிரி பெரிய மனுசங்களுக்குக் கொலை பண்ணக்கூட உரிமை உண்டுன்னு தத்துவம்தான். நான் சொல்றது, வாய விட்டுட்டு கையப் பாருங்க, காலப் பாருங்க, காசப் பாருங்க. நோட்டுல இந்த மூணுக்கும் தனித்தனியா பக்கம் ஒதுக்கி பக்க நம்பரோட குறிச்சுக்கிட்டே வாங்க.

இத நான் எந்த விமர்சகர்கிட்டயும் கத்துக்கல, எங்க தாத்தாட்டதான் கத்துக்கிட்டேன். எங்க தாத்தா கீழமாசி வீதில ஒரு பலசரக்குக் கடைய மட்டும் தாண்டவே மாட்டாரு. நேரா போனா அஞ்சு நிமிசம், ஆனா இங்கிட்டு சுத்தி அங்கிட்டு சந்துக்குள்ள நொழஞ்சு இருபது நிமிசம் நடப்பாரு, கேட்டா "அங்க கூட்டம்ப்பா"ம்பாரு. அவரு செத்ததுக்கப்பறம்தான் அப்பத்தா சொல்லுச்சு, அந்தக் கடைக்காரர்ட்ட வாங்குன கடனத் திருப்பிக் குடுக்கறதுக்குள்ள அந்த மனுசன் போயிச் சேந்துட்டாரு, பிள்ளைகளுக்குக் கணக்குத் தெரியாது, இவரும் வாயத் தொறக்கல. முப்பது வருசம் அவரு வாய் ஒண்ணும் சொல்லல, கால்தான் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சொல்றோம்ல, அந்தக் குறுகுறுப்பு நெஞ்சுக்குள்ள இருந்தா நமக்கு எப்படித் தெரியும், கை கால்லதான் வெளிய வரும்.

இப்ப ரஸ்கோல்நிகோவோட கைய பாருங்க. கொலை முடிஞ்சு ரூமுக்கு வந்து ரத்தம் பட்ட துணி ஓரத்தையெல்லாம் பிச்சு எடுப்பான், அதக் கையில பிடிச்சுக்கிட்டே தூங்கிப் போயிருவான், காலைல வேலைக்காரப் பொண்ணு வந்து பாத்துட்டு கந்தலப் போயி புதையல் மாதிரி கட்டிப்பிடிச்சுத் தூங்குறானேன்னு சிரிக்கும். அப்பறம் எத்தனையோ நாள் கழிச்சு அவனோட அம்மாவும் தங்கச்சியும் ஊர்ல இருந்து வந்து ரூம்ல காத்துக்கிட்டு இருப்பாங்க, இவன் உள்ள நொழைவான், அவங்க ஓடி வந்து கட்டிப்பிடிப்பாங்க, இவனுக்குக் கை எழும்பாது. அம்மாவக் கட்டிக்கக் கை எழும்பல! ஒரு அடி எடுத்து வச்சு மயங்கி விழுந்துருவான். நான் மொதத் தடவ படிக்கும்போது காய்ச்சல்ல விழுந்துட்டான்னு தாண்டிப் போயிட்டேன், ரெண்டாந்தடவதான் அந்தக் கை கண்ணுல பட்டுச்சு. நடுவுல ஒரு பாலத்துல யாரோ ஒரு அம்மா இவனப் பிச்சைக்காரன்னு நெனச்சு இருபது கோபெக் குடுக்கும், அதக் கொஞ்ச நேரம் கைல வச்சிருந்துட்டு ஆத்துல வீசிருவான், அந்த நிமிசம் கத்தரிக்கோல எடுத்து எல்லார்கிட்ட இருந்தும் தன்ன வெட்டி விட்டுக்கிட்ட மாதிரி அவனுக்குத் தோணும். குற்றவுணர்ச்சின்னு ஒரு வார்த்தை கூட அந்த எடத்துல இருக்காது.

காலுக்கு வாங்க. தப்பு பண்ணவன் அந்த எடத்த விட்டு ஓடணும்ல, இவன் அந்த வீட்டுக்கே திரும்பப் போவான், செவுத்துக்குப் புதுப் பேப்பர் ஒட்டிக்கிட்டு இருக்க ஆளுங்க முன்னாடி அந்தக் காலிங்பெல்ல இழுத்து இழுத்து அடிச்சுப் பாப்பான், அன்னிக்குக் கேட்ட அதே சத்தம் வருதான்னு. எங்க தாத்தா சுத்திப் போனாரு, இவன் நேரா போறான், வியாதி ஒண்ணுதான்.

காசு இன்னும் சுவாரசியம். கிழவியோட பர்ஸத் தூக்கிட்டு வந்தான்ல, அதுல எவ்வளவு இருக்குன்னு தொறந்து கூடப் பாக்காம ஒரு முற்றத்துல கல்லுக்கடில பொதச்சிருவான். விசாரணைல எடுத்துப் பாத்தா 317 ரூபிளும் அறுபது கோபெக்கும். எண்ணிக்கூடப் பாக்கலன்னு சொன்னா நீதிபதிங்களே நம்ப மாட்டேங்கறாங்க. காசுக்காகத்தான் கொன்னேன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டவன் அதத் தொடல, ஆனா அம்மா கடன வாங்கி அனுப்புன பணத்துல மிச்சம் இருந்த இருபது ரூபிள மட்டும் நேத்துப் பழகுன ஒரு குடிகாரன் வண்டில அடிபட்டுச் செத்ததும் அந்தக் குடும்பத்துக்கு அப்படியே தூக்கிக் குடுத்துருவான். குடுத்துட்டு எறங்கி வரும்போது அந்த வீட்டுச் சின்னப் பொண்ணு பின்னாடியே ஓடி வந்து கழுத்தக் கட்டிக்கும், அப்ப மட்டும் ஆளுக்கு உசுரு திரும்ப வந்த மாதிரி இருக்கும். எங்க குடுக்குறானோ அங்க மூச்சு விடறான், எங்க மறைக்கிறானோ அங்க மூச்சு முட்டுது. இத ஒரு தனிப் பக்கத்துல எழுதி வச்சுக்கங்க, கட்டுரைல பாதி இதுலயே முடிஞ்சுரும்.

அடுத்தது ஒரு சின்னப் பரிசோதனை. லிசாவெதாவ எத்தனை தடவ நெனைக்கிறான்னு எண்ணிப் பாருங்க. கிழவியப் பத்தி நூறு தடவ புலம்புவான், தலைப்பேன்னு திட்டுவான், கனவுல கூடத் திரும்பக் கொல்லுவான். ஆனா ஒரு பாவமும் அறியாத லிசாவெதா, கோடாலி ஓங்கும்போது முகத்த மறைக்கக்கூட கையத் தூக்காத பொண்ணு, அவள நெனைக்கறதே இல்ல, அவனுக்கே ஒரு எடத்துல அது ஆச்சரியமா இருக்கும், ஏன் எனக்கு அவ ஞாபகமே வரமாட்டேங்குதுன்னு. ஏன்னா கிழவியக் கொன்னதுக்கு அவன்கிட்ட ஒரு தத்துவம் இருக்கு, லிசாவெதாவுக்கு ஒண்ணுமில்ல. அவனோட உறுத்தல் முழுக்க "நான் பெரிய மனுசன் ஆக முடியலயே, நானும் ஒரு பேன்தானா"ங்கறதுலயே சுத்துது. செத்தவங்க மொகம் அதுல இல்ல, இவன் மொகம்தான் இருக்கு.

இந்த எடத்துல எங்க அக்கா மக கேட்டுச்சு, "அப்ப அது குற்றவுணர்ச்சியே இல்லயா மாமா?" நல்ல கேள்வி. நம்ம ஊர்க் கதையே பாரு தாயி, கண்ணகி செலம்ப ஒடச்சதும் பாண்டியன் என்ன சொன்னான், "யானோ அரசன் யானே கள்வன்"னான், கெடுக என் ஆயுள்னு அந்த எடத்துலயே விழுந்தான், அவனுக்கு ஒரு நொடி போதும், ஏன்னா எதிர்ல கண்ணகி நிக்கிறா, செத்தவனோட பொண்டாட்டி நிக்கிறா, மொகத்தப் பாத்துட்டான். ரஸ்கோல்நிகோவுக்கு அஞ்சு பாகம் ஆகுது, ஏன்னா அவன் யாரு மொகத்தையும் பாக்கல. இத வச்சே ஒரு பத்தி எழுதலாம், ஆனா பாண்டியனையும் அவனையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒத்துமை வேத்துமைன்னு டேபிள் போட்றாதீங்க, வாத்தியாருக்கே சலிச்சுப் போச்சு அது.

ஒரே ஒருத்தன வச்சு எழுதுனா கட்டுரை மொண்டியா நிக்கும், பக்கத்துல மத்த ஆளுங்களையும் நிறுத்தணும். மர்மெலாதோவ்னு அந்தக் குடிகாரன் இருக்கான்ல, பொண்டாட்டியோட ஸ்டாக்கிங்ஸக்கூட வித்துக் குடிச்சவன், அதக் கடைல உக்காந்து ஊருக்கே கண்ணீர் விட்டுச் சொல்லுவான், கஷ்டப்படணும்னுதான் குடிக்கிறேம்பான். இப்படி ஆள நம்ம ஊர் டாஸ்மாக் வாசல்ல தெனம் பாக்கலாம், அழறது நெசம், ஆனா அழுது முடிச்சதும் அடுத்த குவார்ட்டர். உறுத்தலே ஒரு போதையா ஆயிருச்சு. அப்பறம் மிகோல்கான்னு ஒரு பையன், கொலை நடந்த கட்டடத்துல அன்னிக்கு பெயிண்ட் அடிச்சுக்கிட்டு இருந்தவன், கொலையே பண்ணல, போயி நான்தான்னு ஒத்துக்குவான், மதம் சம்பந்தமா ஒரு நெனப்பு, கஷ்டத்த ஏத்துக்கணும்னு. குற்றம் பண்ணவன் ஒத்துக்கல, பண்ணாதவன் ஒத்துக்கறான், இத ஆசிரியர் சும்மாவா வச்சிருப்பாரு. ஸ்விட்ரிகைலோவ் மூணாவது ஆளு, ரஸ்கோல்நிகோவோட தங்கச்சி பின்னாடி சுத்துறவன், எதுக்கும் வருத்தப்படாதவன் மாதிரியே சிரிச்சுக்கிட்டு வருவான், செத்த பொண்டாட்டி பேயா வந்து சாதாரணமா பேசிட்டுப் போறான்னு கத சொல்லுவான், கடைசில துப்பாக்கியால சுட்டுக்கிறான். அவன வச்சு அதிகம் எழுத வேணாம், ரெண்டு வரி போதும், அதுக்கு மேல போனா எனக்கே பிடி கெடைக்காது.

இப்ப ரெண்டாவது பாதி, தாக்குப்பிடிக்கறது. இங்கிலீஷ்ல ரெசிலியன்ஸ்னு இருக்க அந்த வார்த்தைக்கு தமிழ்ல மீள்திறன்னு பாடப்புத்தகத்துல போடறாங்க, நம்ம வீட்டுல யாரு அப்படிச் சொல்றா, "தாக்குப்பிடிச்சிருச்சுப்பா அந்தப் பொம்பள"ன்னுதான் சொல்லுவோம். அந்த வார்த்தைலயே யோசிங்க. அப்பதான் ஹீரோ மாதிரி நிமிந்து நிக்கறவங்களத் தேடாம சரியான ஆளுங்களத் தேடுவீங்க.

மொதல்ல ரசுமிகின், இவனோட கூட்டாளி. அதே ஏழ்மை, அதே பாதில நின்ன படிப்பு. இவன் டிரான்ஸ்லேஷன் பண்ணிப் பொழைக்கிறான், ஒரு குளிர்காலம் பூரா ரூம்ல அடுப்பே மூட்டாம இருந்துட்டு குளிர்ல நல்லாத் தூக்கம் வருதுப்பாம்பான். அந்த ஒரு வரிய நான் நாவலோட நடுவுல ஆணி அடிச்ச மாதிரி நெனைக்கிறேன், ஏன்னா ரஸ்கோல்நிகோவ் "வறுமைதான் என்னக் கொலைகாரனாக்குச்சு"ன்னு சொல்ல வர்ற ஒவ்வொரு தடவையும் பக்கத்துல இவன் நிப்பான். ஆசிரியர் வாதமே பண்ணல, ஆளக் கொண்டாந்து நிப்பாட்டிட்டாரு.

காதெரினா இவானோவ்னா, அந்தக் குடிகாரன் பொண்டாட்டி, இவ தாக்குப்பிடிக்கிறது வீம்புல. நான் பெரிய வீட்டுப் பொண்ணாக்கும்னு, காச நோய் நெஞ்ச அறுக்கும்போதும், புருசன் செத்ததுக்கு கையிலிருந்த காசுல விருந்து வைப்பா. ஒடையுற வரைக்கும் வளையாது அந்த ரகம். பாக்கறப்ப ரொம்ப பலமாத் தெரியும், அதனால பசங்க நெறையப் பேரு இவளத்தான் மனவலிமைக்கு உதாரணமா எழுதுவாங்க. எழுதலாம், ஆனா கடைசில தெருவுல பிள்ளைங்கள ஆட வச்சு விழுந்து சாகறதையும் சேத்து எழுதணும்.

அப்பறம் சோனியா. இவகிட்டதான் ரெண்டு நூலும் ஒண்ணா முடிச்சுப் போட்டிருக்கு, அதனால இங்க பைய படிங்க. மர்மெலாதோவோட மூத்த தாரத்துப் பொண்ணு, காதெரினா இவளுக்குச் சித்தி, குடும்பத்துக்காகத் தெருவுக்கு வந்தவ. மொத நாள் முப்பது ரூபிளக் கொண்டாந்து சித்தி முன்னாடி மேசைல வச்சுட்டு ஒரு வார்த்தை பேசாம சால்வைய மூடிக்கிட்டு செவுத்தப் பாத்துப் படுத்துக்கும், தோள் மட்டும் குலுங்கும். ஆனா அவளோட உறுத்தல் எதுல இருக்குன்னு பாருங்க. லிசாவெதாகிட்ட வெல கம்மியா வாங்குன பூப்போட்ட காலர் கொஞ்சம் இருக்கும், காதெரினா ஆசையா எனக்குக் குடேன்னு கேப்பா, உங்களுக்கு எதுக்கு இதுன்னு இவ சொல்லிருவா. அம்புட்டுதான். அந்த ஒரு காலரு அவளத் தின்னும். சித்தியோட ஏமாந்த மொகம் கண்ணு முன்னாடியே நிக்கும். அவன் ரெண்டு கொலைக்கப்பறமும் தன் மொகத்தையே பாத்துக்கிட்டு இருக்கான், இவ ஒரு காலருக்கு இன்னொருத்தி மொகத்தப் பாத்துக்கிட்டு இருக்கா. என்னக் கேட்டா இந்த நாவலே இதுதான். அடுத்தவங்க மொகம் உள்ள உறுத்தல் ஆளை எந்திரிச்சு நடக்க வைக்குது, ஏன்னா நாளைக்கு அவங்களுக்கு ஏதாவது செய்யணும்ல. தன் மொகம் மட்டும் உள்ளது கட்டில்லயே படுக்க வச்சுருது. இத ஒத்துக்காதவங்க இருக்கலாம், அப்ப அவங்க கட்டுரைல அவங்க கட்சிய எழுதட்டும், ஆனா காலர் எடத்த விட்டுட்டு எழுதாதீங்க.

அந்த நூலப் பிடிச்சுக்கிட்டே அஞ்சாம் பாகத்துல அவன் சோனியாட்ட ஒத்துக்கற அத்தியாயத்துக்குப் போங்க. அவன் வாயால கொன்னேன்னு சொல்லல, என் மொகத்தப் பாத்துக் கண்டுபிடிம்பான். அவ பாப்பா. அந்தப் பயந்த மொகத்துல லிசாவெதாவோட மொகம் அப்படியே அவனுக்குத் தெரியும், கோடாலிக்கு முன்னாடி பின்வாங்குன அதே மொகம். இத்தன நாள் வராத லிசாவெதா இங்கதான் வர்றா. சோனியா என்ன கேப்பான்னு நெனைக்கிறீங்க, அடப்பாவின்னா? இல்ல, கழுத்தக் கட்டிக்கிட்டு உங்களுக்கு நீங்களே என்ன பண்ணிக்கிட்டீங்கன்னு கேப்பா. என் அக்கா மக இந்த எடத்துல சுண்டலக் கீழ வச்சுட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

போலீஸ் பக்கம் போர்ஃபிரின்னு ஒரு விசாரணை அதிகாரி, அவனையும் விட்றாதீங்க. அவன்கிட்ட சாட்சி கெடையாது, ஆனா விளக்கச் சுத்துற பூச்சி மாதிரி நீயே வருவேன்னு உக்காந்திருப்பான். நமக்கு இது புதுசா என்ன, அழகர்கோயில்ல பதினெட்டாம்படிக் கருப்பன் கதவு முன்னாடி நின்னு சத்தியம் பண்ணுன்னு சொன்னா எத்தனை பேரு படிக்கட்டு வரைக்கும் வந்துட்டு ஒத்துக்கிட்டு இருக்காங்கன்னு ஊர்ல கதையா சொல்லுவாங்க. சாட்சி வேணாம், கதவு போதும். சோனியா சொல்றதும் கிட்டத்தட்ட அதான், நாற்சந்தில நின்னு மண்ண முத்தமிட்டு நான் கொலைகாரன்னு எல்லாருக்கும் கேக்கச் சொல்லு. அவன் சந்தைல முட்டி போட்டு மண்ண முத்தமிடுவான், பக்கத்துல ஒரு குடிகாரன் ஜெருசலேம் கெளம்பிட்டான் போலன்னு கிண்டல் பண்ணுவான், கொலைகாரன்ங்கற வார்த்தை தொண்டைலயே நின்னு போகும். ஸ்டேஷனுக்குப் போயும் சொல்லாம திரும்பி எறங்கி வருவான், வாசல்ல சோனியா வெளிறிப் போயி நிக்கறதப் பாத்துட்டு மறுபடி மேல ஏறிப் போயி சொல்லுவான். கால் கணக்குல கடைசிக் குறிப்பு இது. அந்த ரெண்டாந்தடவ படியேறுறதுக்கு ஒரு முழுப் பத்தி ஒதுக்குங்க.

பின்னுரை பத்தி ஒரு எச்சரிக்கை. கைடு புக்குல எல்லாம் "ஜெயிலுக்குப் போனான், திருந்தினான்"னு ஒரே வரில போட்டிருப்பாங்க. தப்பு. எட்டு வருசக் கடுங்காவல், சைபீரியா. ஜெயில்லயும் ரொம்ப நாள் அவன் வருந்தவே மாட்டான், ஏதோ கணக்குத் தப்பிப் போச்சு அம்புட்டுதான்னு நெனைப்பான், கூட இருக்க கைதிங்களுக்கு இவனக் கண்டாலே ஆகாது, ஆனா பாக்க வர்ற சோனியாவ எங்க அம்மான்னு கும்புடுவாங்க. மாற்றம் கடைசில சில பக்கத்துல, ஆத்தோரம் உக்காந்திருக்கும்போது, ஏன்னே தெரியாம அவ காலப் பிடிச்சு அழுவான். தத்துவம் எதையும் அவன் மறுத்துப் பேசல, கைதான் அவ காலத் தேடிப் போச்சு. அம்மாவக் கட்டிக்க எழும்பாத அதே கை. பக்க நம்பரக் குறிச்சு வச்சிருந்தீங்கன்னா இப்ப ரெண்டையும் தொறந்து பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுச்சு. ஆசிரியரே 1849ல கைதாகி, சுடறதுக்கு நிப்பாட்டிக் கடைசி நிமிசத்துல தண்டனைய மாத்தி, நாலு வருசம் ஓம்ஸ்க் ஜெயில்ல கெடந்தவரு, அதனால ஜெயிலுக்குப் போனா ஒரே நாள்ல ஞானம் வரும்னு அவரு பொய் சொல்ல மாட்டாரு.

எழுத உக்காரும்போது "தொன்றுதொட்டு மனிதகுலம்"னு ஆரம்பிக்காதீங்க. ஒரு காட்சில இருந்து நேரா ஆரம்பிங்க, கந்தலக் கையில பிடிச்சுத் தூங்கறதோ, எண்ணாத பர்ஸோ, உங்க இஷ்டம். கதைச்சுருக்கம் நாலு வரிக்கு மேல வேணாம், திருத்துறவங்களுக்குக் கதை தெரியும். ஆளுக்கு ஒரு பத்தின்னு பிரிக்காம ரெண்டு ரெண்டு பேரா மோத விடுங்க, ரஸ்கோல்நிகோவும் ரசுமிகினும், அவனும் சோனியாவும். அப்பறம் எங்கயாவது ஒரு எடத்துல உங்களுக்குப் பிடிக்காதத எழுதுங்க, எனக்கு சோனியா சித்தி மேல கோவமே படாதது இன்னிக்கு வரைக்கும் ஒட்டல, அத நான் மறைக்க மாட்டேன்.

எங்க அக்கா மக என்ன எழுதுச்சுன்னா, நான் சொன்னது எதையும் எழுதல. ராத்திரி பதினோரு மணிக்கு போன். "மாமா, நான் லிசாவெதாவ மட்டும் வச்சு எழுதிட்டேன், அவ உசுரோட இருக்கும்போது சோனியாவுக்கு காலர் வித்ததுல இருந்து ஆரம்பிச்சு, அவ சோனியாவுக்குக் குடுத்த பைபிள்தான் கடைசில ஜெயில்ல ரஸ்கோல்நிகோவோட தலகாணிக்கடில இருக்குங்கறது வரைக்கும். சரியா மாமா?" நான் எந்திரிச்சு லைட்டப் போட்டு புக்க எடுத்துப் பாத்தேன். அந்த பைபிள் லிசாவெதா குடுத்ததுங்கறத நான் ரெண்டு தடவ படிச்சும் கோத்துப் பாக்கவே இல்ல.